குட்டி மீயொலி உணரிகள், கதிர்வீச்சு கண்டறிவிகள்: உள்ளே இருக்கும் பொருட்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உணரி வாங்கும்போதும் வடிவமைக்கும்போதும் பேச்சு பெரும்பாலும் சுற்றுப் பலகையைப் பற்றியும் மென்பொருளைப் பற்றியுமே போகிறது. அளவிடும் வேலையைச் செய்வதோ நடுவில் இருக்கும் சில மில்லிமீட்டர் படிகம். அந்தப் படிகத்தைப் பற்றி மாணவர்களும் பொறியாளர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். பள்ளி இயற்பியல் நினைவிருந்தால் போதும்.

மீயொலியும் கதிர்வீச்சும் வேறு வேறு துறைகள். ஏன் சேர்த்துப் பேச வேண்டும்?

இரண்டு கருவியிலும் ஒரு திடப்பொருள் வெளியிலிருந்து ஆற்றலை வாங்கி மிகச் சிறிய மின்னூட்டமாகத் திருப்பித் தருகிறது. மீயொலியில் வருவது அழுத்தம், கண்டறிவியில் வருவது காமா அல்லது எக்ஸ் கதிர்த் துகள். பொருளைத் தயாரிக்கும் வழியும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: படிகம் வளர்ப்பது, அறுப்பது, மெருகேற்றுவது, மின்முனை பூசுவது. உருகிய பொருளை மெல்ல மெல்லக் குளிரவிட்டு ஒரு முனையிலிருந்து உறைய வைக்கும் பிரிட்ஜ்மன் முறையில் மீயொலிக்கான ஒற்றைப் படிகங்களும் வளர்க்கப்படுகின்றன, காமா கதிருக்கான படிகங்களும் வளர்க்கப்படுகின்றன.

ஆனால் சிறிதாக்கத் தொடங்கியதும் இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகின்றன. பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் புரிந்துகொள்ள வேண்டியது அதைத்தான்.

சிறிதாக்கினால் என்ன மாறுகிறது?

மீயொலித் தகட்டின் தடிமன்தான் அதன் அதிர்வெண்ணைத் தீர்மானிக்கிறது. தடிமன் அரை அலைநீளமாக இருக்கும்போது தகடு நன்றாக அதிரும். வழக்கமான பீசோ பீங்கானில், அதாவது அழுத்தினால் மின்னூட்டம் தரும் பீங்கானில், 5 மெகாஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் தகடு சுமார் 0.4 மில்லிமீட்டர், 40 மெகாஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் சுமார் 0.05 மில்லிமீட்டர். மென்திசுவில் ஒலி நொடிக்கு 1540 மீட்டர் போவதால், 5 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 0.3 மில்லிமீட்டர், 40 மெகாஹெர்ட்ஸில் 0.04 மில்லிமீட்டர் அளவுக்கு இறங்கிவிடுகிறது. ஆக, தகடு மெலிந்தால் இன்னும் நுணுக்கமாகப் பார்க்கலாம். அதற்கு விலை ஆழம். அதிர்வெண் ஏற ஏறத் திசு ஒலியை அதிகமாக விழுங்குகிறது. இரத்தக் குழாய்க்குள் நுழையும் குழல்முனை உணரிக்குச் சில மில்லிமீட்டர் ஆழம் தெரிந்தாலே போதும் என்பதால், அங்கே 20 முதல் 60 மெகாஹெர்ட்ஸ் வரை தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள்.

காமா கதிரிடம் இந்தச் சலுகை கிடையாது. கதிர் பொருளோடு மோத வேண்டும், மோத வேண்டுமென்றால் வழியில் போதுமான எலக்ட்ரான்கள் இருக்க வேண்டும். கண்டறிவியின் கனஅளவைப் பாதியாக்கினால் கிடைக்கும் எண்ணிக்கையும் ஏறக்குறைய பாதியாகும். எந்தச் சுற்று வித்தையாலும் அதை மீட்க முடியாது. அதனால்தான் குட்டி கண்டறிவிகளில் அடர்த்தி அதிகமான, அணு எண் பெரிய பொருட்களைத் தேடி ஓடுகிறோம். குறைந்த ஆற்றலில் கதிரை முழுதாக விழுங்கும் ஒளிமின் விளைவு, அணு எண்ணின் நான்கு முதல் ஐந்தாம் படிக்கு ஏற்ப உயர்கிறது. 14 அணு எண் கொண்ட சிலிக்கானுக்கும் 50-ஐ ஒட்டிய காட்மியம், டெலூரியத்துக்கும் உள்ள இடைவெளி அங்கே பல நூறு மடங்காகிவிடும்.

மீயொலிக்கு எத்தனையோ புதுப் பொருட்கள் வந்துவிட்டன. இன்னும் ஏன் பி.இசட்.டி. பீங்கான்?

அழுத்தினால் மின்னூட்டம் வரும் என்பதைப் பியர் கியூரியும் அவருடைய அண்ணன் ழாக் கியூரியும் 1880-இல் கண்டுபிடித்தார்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் நீர்மூழ்கிகளைத் தேட பிரெஞ்சு இயற்பியலாளர் லாங்கெவான் குவார்ட்ஸைப் பயன்படுத்தினார். 1950-களில் ஈய சிர்கோனேட் டைட்டனேட், அதாவது பி.இசட்.டி., வந்ததும் நிலைமை மாறியது. ஒரு நியூட்டன் விசைக்கு எத்தனை பிகோகூலும் மின்னூட்டம் கிடைக்கிறது என்று பார்த்தால், குவார்ட்ஸ் 2-ஐ ஒட்டித் தரும், பி.இசட்.டி.யின் மென்வகைகள் 500 முதல் 600 வரை தரும்.

இந்த எண் மட்டும் காரணம் இல்லை. தூளைக் கலந்து, அச்சில் அழுத்தி, சூளையில் சுட்டு, நினைத்த வடிவில் எடுத்துவிடலாம். கலவையில் சிறிது மாற்றிச் சேர்த்தால் மென்வகை, வன்வகை என்று குணத்தையும் திருப்பிவிடலாம். எதிரொலியை வாங்குவதற்கு மென்வகை நல்லது. அதிக மின்சக்தியைக் கொடுத்துத் தொடர்ந்து அதிரவைக்க வேண்டுமென்றால் சூடாகாத வன்வகை வேண்டும்.

சிறிதாக்கும்போது இதற்கு ஒரு தடை உண்டு. பீங்கான் என்பது சில மைக்ரான் அளவுள்ள மணிகளின் கூட்டம். தகடு 40, 50 மைக்ரானுக்கு மெலிந்தால் தடிமனில் பத்துப் பதினைந்து மணிகள்தான் இருக்கும். அறுக்கும்போது ஓரத்தில் ஒரு மணி பெயர்ந்தாலே அந்தக் கூறின் அதிர்வு மாறிவிடும். அதனால் மிக உயர் அதிர்வெண்ணில் நுண்மணிப் பீங்கானுக்கோ லித்தியம் நையோபேட் போன்ற ஒற்றைப் படிகத்துக்கோ மாறுகிறார்கள்.

ஒற்றைப் படிகம் எப்போது தேவை?

பி.எம்.என்-பி.டி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஈய மக்னீசியம் நையோபேட் – ஈய டைட்டனேட் படிகம் 1500-இலிருந்து 2500 பிகோகூலும் வரை தரும். மின்னாற்றலை இயந்திர ஆற்றலாக மாற்றும் இணைப்புக் குணகம் 0.9-ஐத் தாண்டும். பி.இசட்.டி.யில் அது 0.7-ஐ ஒட்டி நிற்கும். இணைப்பு கூடினால் அலைக்கற்றை அகலமாகும், துடிப்பு குறுகும், படம் தெளியும். இதயத்தைப் பார்க்கும் மருத்துவ ஆய்வுக்கோல்களில் இந்தப் படிகங்கள் ஏற்கெனவே வந்துவிட்டன.

பலவீனம் வெப்பம். வழக்கமான கலவை சுமார் 80, 90 டிகிரி செல்சியஸிலேயே கட்டமைப்பு மாறித் தன் திறனை இழக்கத் தொடங்கும். அதைவிட உயர்ந்த வெப்பத்தில் இறுகும் பசையைக் கொண்டு ஒட்டக் கூடாது. கொதிநீராவியில் கிருமி நீக்க வேண்டிய கருவிக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

அலுமினியம் நைட்ரைடு மிகவும் பலவீனமானது என்கிறார்கள். பிறகு ஏன் எல்லாச் சில்லுகளிலும் அது?

அனுப்பும் திறனை மட்டும் பார்த்தால் பலவீனம் என்பது உண்மை. அதன் பீசோ எண், அதாவது ஒரு நியூட்டன் விசைக்குக் கிடைக்கும் மின்னூட்டம், 5 பிகோகூலும் அளவுதான். ஆனால் வாங்கும் திறன் வேறு கணக்கு. எதிரொலி வந்து படலத்தை வளைக்கும்போது கிடைக்கும் மின்னழுத்தம், பீசோ குணகத்தை மின்கடவுதிறனால் (மின்புலத்தில் பொருள் எவ்வளவு மின்னூட்டத்தைத் தேக்கும் என்பதன் அளவால்) வகுத்தால் வருவதைப் பொறுத்தது. அலுமினியம் நைட்ரைடின் சார்பு மின்கடவுதிறன் 10-ஐ ஒட்டி இருக்கும், பி.இசட்.டி. படலத்துக்கு அது ஆயிரத்தை ஒட்டி வரும். அதனால் கேட்கும் வேலையில் அலுமினியம் நைட்ரைடு பின்தங்குவதில்லை.

தயாரிப்பு வசதியும் இருக்கிறது. 400 டிகிரிக்குள்ளேயே படிய வைக்கலாம் என்பதால் மின்னணுச் சுற்று ஏற்கெனவே உள்ள சிலிக்கான் வில்லையின் மேலேயே வளர்த்துவிடலாம். பி.இசட்.டி. படலம் 600, 700 டிகிரி கேட்கும். ஈயத்தைத் தங்கள் உற்பத்தி வரிசைக்குள் விடவும் சில்லு ஆலைகள் தயங்கும். அலுமினியம் நைட்ரைடுக்கு மின்புலம் கொடுத்து முனைவாக்கவும், அதாவது உள்ளே இருக்கும் மின் இருமுனைகளை ஒரே திசையில் திருப்பவும், தேவையில்லை, வளரும்போதே படிகத்தின் திசை அமைந்துவிடும். கைப்பேசிகளின் ரேடியோ வடிப்பான்களுக்காக இந்தப் படலத்தைத் தொழில்துறை பல ஆண்டுகளாகப் படியவைத்து வருகிறது. அந்த அனுபவம் மீயொலிக்குச் சும்மா கிடைத்த சொத்து.

2009-இல் ஜப்பானில் அகியாமா குழு அலுமினியத்தில் ஒரு பகுதிக்குப் பதிலாக ஸ்கேண்டியத்தைச் சேர்த்துப் பார்த்தது. 43 விழுக்காடு சேர்த்தபோது பீசோ எண் ஐந்து மடங்கு உயர்ந்து 27-ஐத் தாண்டியது. அதற்கு மேல் சேர்த்தால் படிக அமைப்பே மாறி எல்லாம் போய்விடும். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த முடிவுகளில் இது ஒன்று. விலை உயர்ந்த புதுக் கருவி எதுவும் தேவைப்படாமல், இருக்கிற படலத்தில் ஓர் அணுவை மாற்றி வைத்தே இவ்வளவு பெறலாம் என்று அது காட்டியது.

பீசோ பொருளே இல்லாத மீயொலிச் சில்லும் உண்டாமே?

உண்டு. நிலைமின் வகை. மெல்லிய சவ்வுக்கும் அடித்தளத்துக்கும் நடுவே ஒரு மைக்ரானின் சிறு பகுதி அளவுக்கு இடைவெளி விட்டு, பல பத்து வோல்ட் நிலையான மின்னழுத்தம் (சார்பு மின்னழுத்தம்) கொடுப்பார்கள். ஒலி சவ்வை அசைக்கும்போது மின்தேக்குத்திறன் மாறும். 1990-களின் நடுவில் ஸ்டான்ஃபோர்டில் குரி-யாகுப் குழு இதை வளர்த்தெடுத்தது. 2017-இல் அமெரிக்க ஒப்புதல் பெற்ற பட்டர்ஃப்ளை ஐக்யூ என்ற கையடக்க ஸ்கேன் கருவி இந்த வகைச் சில்லில்தான் ஓடுகிறது. அலைக்கற்றை அகலம் அருமையாக இருக்கும். சார்பு மின்னழுத்தமும், காலப்போக்கில் காப்புப் படலத்தில் தேங்கும் மின்னூட்டமும்தான் தொல்லை.

பி.வி.டி.எஃப். பிளாஸ்டிக் படலம் எதற்கு?

வாங்குவதற்கு. 1969-இல் கவாய் என்பவர் அதன் பீசோ குணத்தைக் கண்டறிந்தார். அனுப்புவதில் மந்தம், ஆனால் தண்ணீரோடும் திசுவோடும் இழைந்து போகும். நீரில் மீயொலி அழுத்தத்தை அளக்கும் நீர்முழக்கமானிகளில் இதற்கு இணையாகச் சொல்ல அதிகம் இல்லை. இதே குடும்பத்துக் கூட்டுப்பலபடி கைப்பேசித் திரைக்கு அடியில் உள்ள மீயொலிக் கைரேகை உணரிகளிலும் பயன்படுகிறது.

நல்ல படிகம் வாங்கினேன், எதிரொலி மட்டும் மோசமாக இருக்கிறது. ஏன்?

பெரும்பாலும் படிகத்தின் தவறாக இருக்காது, அதன் ஓரத்தில் நடப்பதுதான் காரணம். அடர்த்தியையும் ஒலிவேகத்தையும் பெருக்கினால் ஒலி மறிப்பு கிடைக்கும். மெகாரேல் என்ற அலகில் பி.இசட்.டி.க்கு அது சுமார் 33, தண்ணீருக்கு 1.5. இரண்டும் நேரடியாகத் தொட்டுக்கொண்டிருந்தால் எல்லையில் ஆற்றலில் ஆறில் ஒரு பங்குதான் கடக்கும், மற்றது திரும்பிவிடும். காற்றுக்கு மறிப்பு 0.0004 மெகாரேல் மட்டுமே. அங்கே கடப்பது இருபதாயிரத்தில் ஒரு பங்கு.

இதைச் சரிசெய்யவே கால் அலைநீளத் தடிமனில் இடைப்படலம் ஒட்டுகிறார்கள். அதன் மறிப்பு இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். சிறிய உணரிகளில் வேலை கெடுவது இங்கேதான். 40 மெகாஹெர்ட்ஸில் எப்பாக்ஸிக்குள் அலைநீளமே 60 மைக்ரானை ஒட்டித்தான் வரும். அதில் கால் பங்கு 15 மைக்ரான். பசை 5 மைக்ரானுக்கு மொத்தமாக நின்றுவிட்டால் அதுவே ஒரு தனி ஒலிப்படலமாக நடந்துகொள்ளும். உள்ளே ஒரு காற்றுக்குமிழ் மாட்டிக்கொண்டால் அந்த இடம் கண்ணாடி போல ஒலியைத் திருப்பி அனுப்பும். பசையை வெற்றிடத்தில் வைத்துக் குமிழ் நீக்கி, எடை வைத்து அழுத்தி, நுண்ணோக்கியில் ஓரத்தைப் பார்த்துப் பசைக்கோட்டின் தடிமனை அளந்த பிறகுதான் மேலே போக வேண்டும். அலுப்பான வேலைதான். அதைத் தாண்டிச் செல்லும் குறுக்குவழி எனக்குத் தெரிந்து இல்லை.

வேறொரு வழி, பீங்கானையே மாற்றியமைப்பது. பீங்கானை மெல்லிய தூண்களாக அறுத்து இடையில் பலபடியை நிரப்பினால் மறிப்பு பாதிக்கும் கீழே இறங்கும், இணைப்புக் குணகமும் கெடாது. 1970-களின் கடைசியில் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் நியூன்ஹாம் குழு இந்தக் கலப்புப் பொருட்களுக்கு இலக்கணம் வகுத்தது. காற்றில் இயங்கும் நுண்சவ்வு வகை உணரிகள் இந்தச் சிக்கலை இன்னும் எளிதாகத் தாண்டுகின்றன, வளையும் சவ்வின் மறிப்பே மிகக் குறைவு என்பதால்.

பீசோ தகட்டில் நேரடியாகச் சூட்டுக்கோல் வைத்துப் பற்றவைக்கலாமா?

கூரி வெப்பநிலையைப் பொறுத்தது. அதைத் தாண்டினால் பொருள் தன் முனைவை முழுதாக இழந்துவிடும், அதற்குக் கீழேயே இழப்பு தொடங்கிவிடும். அதில் பாதியைத் தாண்டாமல் பயன்படுத்துங்கள் என்பது நடைமுறை விதி. அதிகம் விற்கும் மென்வகைகளில் ஒன்றுக்குக் கூரி வெப்பநிலை 190 டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது, சூட்டுக்கோல் முனையோ 300-ஐத் தாண்டும். பெரிய தகட்டில் ஓரமாக ஒரு நொடி தொட்டு எடுத்தால் தப்பிக்கும். இரண்டு மில்லிமீட்டர் கூறில் வேண்டாம். வெள்ளித் துகள் கலந்த கடத்தும் எப்பாக்ஸி பயன்படுத்துங்கள். ஒட்டுவதற்கு முன்னும் பின்னும் மின்தேக்குத்திறனையும் ஒத்ததிர்வு வளைவையும் அளந்து வையுங்கள். வளைவின் மேடும் பள்ளமும் நெருங்கி வந்திருந்தால் முனைவு போய்விட்டது என்று அர்த்தம்.

ஈயம் இல்லாத மாற்று இருக்கிறதா?

பி.இசட்.டி.யின் எடையில் 60 விழுக்காட்டுக்கும் மேல் ஈயம். ஐரோப்பிய ஒன்றியத்தின் அபாயப் பொருள் கட்டுப்பாட்டில் மின்னணுப் பீங்கான்களுக்கு விலக்கு தொடர்வதற்குக் காரணம், எல்லா வேலைக்கும் பொருந்தும் மாற்று இன்னும் இல்லாததுதான். முன்னணியில் இருப்பது பொட்டாசியம் சோடியம் நையோபேட். 2004-இல் ஜப்பானில் சைட்டோ குழு மணிகளை ஒரே திசையில் அடுக்கி 416 பிகோகூலும் வரை எட்டிக் காட்டியது. சுடும்போது கார உலோகங்கள் ஆவியாவதும், தூள் ஈரத்தை இழுப்பதும், வெப்பநிலைக்கேற்ப குணம் ஊசலாடுவதும் உற்பத்தியைக் கடினமாக்குகின்றன. சில்லு வகை உணரிகளில் அலுமினியம் நைட்ரைடு ஏற்கெனவே ஈயம் இல்லாததுதான்.

சரி, கதிர்வீச்சுக்கு வருவோம். கண்டறிவிப் பொருட்களில் எத்தனை வகை?

திடப்பொருளில் இரண்டு பெரிய குடும்பங்கள். ஒளிர்படிகம் கதிரை வாங்கி ஒளித்துடிப்பாக்கும், அதை வேறொரு ஒளியுணரி மின்துடிப்பாக்கும். குறைக்கடத்தி இடைத்தரகர் இல்லாமல் நேரடியாகவே எலக்ட்ரான்-துளை இணைகளைத் தரும் (துளை என்பது எலக்ட்ரான் விட்டுச் சென்ற காலியிடம், நேர் மின்னூட்டம் போல நகரும்).

வித்தியாசத்தை எண்ணிப் பார்க்கலாம். சீசியம்-137 தரும் காமா கதிரின் ஆற்றல் 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட். சோடியம் அயோடைடில் அது முழுதாக நின்றால் ஏறக்குறைய 25,000 ஒளித்துகள்கள், அவற்றில் சில ஆயிரம்தான் கடைசியில் எலக்ட்ரானாக எண்ணப்படும். காட்மியம் துத்தநாக டெலூரைடில் ஓர் இணையை உருவாக்க 4.6 எலக்ட்ரான் வோல்ட் போதும், ஆக சுமார் 1,44,000 இணைகள். எண்ணிக்கை கூடினால் ஏற்ற இறக்கம் குறையும், ஆற்றல் வரைபடத்தில் எழும் உச்சி கூர்மையாகும். ஆனால் அந்த 1,44,000-மும் சேர்ந்தே 23 ஃபெம்டோகூலும்தான். முதல் பெருக்கி படிகத்தை ஒட்டியே உட்கார வேண்டியதற்கும், உலோகக் கூட்டுக்குள் மூட வேண்டியதற்கும் அதுதான் காரணம்.

கையடக்கக் கருவிக்கு எந்த ஒளிர்படிகம்?

ஹோஃப்ஸ்டாட்டர் 1948-இல் அறிமுகப்படுத்திய தாலியம் கலந்த சோடியம் அயோடைடு மலிவு, நன்கு பழகியது. ஆனால் ஈரக்காற்று பட்டால் கெட்டுவிடும். மூடி கசிந்தால் படிகம் மஞ்சளாகி, ஒளி குறைந்து, உச்சி அகன்றுகொண்டே போகும். குட்டிக் கருவிக்கு நான் முதலில் எடுப்பது தாலியம் கலந்த சீசியம் அயோடைடு. ஒரு மெகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு 50,000-க்கும் மேல் ஒளித்துகள் தரும். அந்த ஒளி 550 நானோமீட்டரை ஒட்டி, சிலிக்கான் நன்றாகப் பார்க்கும் நிறத்தில் வரும். மென்மையானது, கீழே விழுந்தால் நொறுங்காது. துடிப்பு மைக்ரோவினாடிக் கணக்கில் நீள்வதால் எண்ணிக்கை வேகம் மிக அதிகமுள்ள இடத்துக்கு ஒத்துவராது.

அடர்த்தி வேண்டுமா, பிஸ்மத் ஜெர்மனேட் கன சென்டிமீட்டருக்கு 7.1 கிராம், ஆனால் ஒளி குறைவு. 2001-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்டிலிருந்து வந்த சீரியம் கலந்த லாந்தனம் புரோமைடு 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் 3 விழுக்காட்டுக்கும் குறைவான பிரிதிறன், அதாவது ஆற்றலோடு ஒப்பிட்ட உச்சியின் அகலம், தருகிறது. சோடியம் அயோடைடில் அது 7-ஐ ஒட்டி இருக்கும். விலையும் ஈர பயமும் அதோடு வரும்.

கதிர்மூலம் எதுவும் இல்லை, ஈயக் கூட்டுக்குள் வைத்திருக்கிறேன். எல்.ஒய்.எஸ்.ஓ. (லுட்டீசியம் யிட்ரியம் ஆர்த்தோசிலிக்கேட்) படிகம் எண்ணிக்கொண்டே இருக்கிறது. பழுதா?

பழுது இல்லை. அதில் உள்ள லுட்டீசியத்தில் இரண்டரை விழுக்காட்டுக்குச் சற்று மேல் லுட்டீசியம்-176 என்ற இயற்கைக் கதிரியக்க அணு. ஒரு கன சென்டிமீட்டரில் நொடிக்குச் சில நூறு சிதைவுகள் நடக்கும். பாசிட்ரான் உமிழ்வு ஸ்கேனில் இரண்டு எதிரெதிர்ப் படிகங்கள் ஒரே கணத்தில் ஒளிர்ந்தால் மட்டும் எண்ணுவதால் இது பெரிய இடையூறு இல்லை, 40 நானோவினாடித் துடிப்பின் வேகமே அங்கே முக்கியம். சுற்றுப்புறக் கதிர்வீச்சைத் தேடும் கருவிக்கு இந்தப் படிகம் தவறான தேர்வு. லாந்தனம் புரோமைடிலும் லாந்தனம்-138 காரணமாகச் சிறிய அளவில் இதே சிக்கல் உண்டு.

ஒளியை வாங்க சிலிக்கான் ஒளிப்பெருக்கி வைத்தேன். காலையில் ஓரிடத்தில் இருந்த உச்சி மதியம் நகர்ந்துவிட்டது. என்ன செய்ய?

வெப்பநிலை. மூன்று மில்லிமீட்டர் சதுரச் சில்லில் 50 மைக்ரான் இடைவெளியில் 3,600 நுண்ணறைகள் இருக்கும். ஒவ்வொன்றும் முறிவு மின்னழுத்தத்துக்குச் சில வோல்ட் மேலே காத்திருந்து, ஒரே ஓர் ஒளித்துகள் பட்டதும் பொங்கும். பழைய ஒளிப்பெருக்கிக் குழாய் ஆயிரம் வோல்ட் கேட்ட இடத்தில் இதற்கு 30, 50 வோல்ட் போதும். குட்டிக் கண்டறிவிகளைச் சாத்தியமாக்கியதே இதுதான் என்பேன்.

ஆனால் அந்த முறிவு மின்னழுத்தம் ஒவ்வொரு டிகிரிக்கும் 20 முதல் 50 மில்லிவோல்ட் வரை நகரும். 20 டிகிரி மாறினால் 0.4 முதல் 1 வோல்ட். நீங்கள் மேலே கொடுத்திருப்பதே 3 வோல்ட்தான் என்றால் பெருக்கத்தில் அது பெரிய மாற்றம். சில்லுக்குப் பக்கத்திலேயே வெப்ப உணரி ஒன்றை ஒட்டி, அதற்கேற்ப மின்னழுத்தத்தைத் திருத்துங்கள். இன்னொன்று: எல்.ஒய்.எஸ்.ஓ. போன்ற வேகமான படிகம் 20,000 ஒளித்துகள்களை ஒரே கொட்டாகக் கொட்டினால் 3,600 அறைகள் போதாது, உயர் ஆற்றல் பக்கம் அளவு சுருங்கித் தெரியும். சீசியம் அயோடைடு மெதுவாக ஒளிர்வதால் அறைகள் மீண்டும் தயாராக நேரம் கிடைக்கும்.

கைப்பேசி கேமராவை வைத்துக் கதிர்வீச்சு அளக்கலாமா?

மிக அதிக அளவு இருந்தால் புள்ளிகள் தெரியும். சாதாரணச் சூழலை அளக்க உதவாது. கேமராச் சில்லில் வேலை செய்யும் சிலிக்கான் சில மைக்ரான்தான். அரை மில்லிமீட்டர் சிலிக்கானே 60 கிலோ எலக்ட்ரான் வோல்ட் எக்ஸ் கதிரில் 5 விழுக்காட்டுக்கும் குறைவாகத்தான் தடுக்கும். அதே தடிமன் காட்மியம் டெலூரைடு 80 விழுக்காட்டுக்கு மேல் தடுக்கும். உயிர் சம்பந்தப்பட்ட முடிவைக் கேமராச் செயலியை நம்பி எடுக்காதீர்கள்.

காட்மியம் துத்தநாக டெலூரைடு அறை வெப்பநிலையில் நன்றாக வேலை செய்கிறதே. ஏன் எல்லா இடத்திலும் அது இல்லை?

இரண்டு காரணம். முதலாவது, வளர்ப்பது கடினம். ஆயிரம் டிகிரிக்கு மேல் உருகும் கலவை உறையும்போது மணி எல்லைகளும் டெலூரியத் துளிகளும் உள்ளே சிக்கிக்கொள்ளும். அறுத்துப் பார்த்து, நல்ல பகுதியை மட்டும் எடுத்து, மற்றதைத் தள்ள வேண்டியிருக்கும். விலை அங்கே ஏறுகிறது.

இரண்டாவது, துளைகள். எலக்ட்ரான் இந்தப் படிகத்தில் வேகமாக ஓடும். துளை அதைவிட இருபது மடங்கு மெதுவாக நகர்ந்து, வழியில் ஏதாவது குறையில் மாட்டிக்கொள்ளும். ஆகவே கதிர் படிகத்தில் எந்த ஆழத்தில் மோதியது என்பதைப் பொறுத்து ஒரே ஆற்றலுக்குத் துடிப்பு பெரிதும் சிறிதுமாக வரும். உச்சியின் இடப்பக்கம் நீண்ட வால் விழுந்திருந்தால் அது இந்த நோய்.

மருந்து மின்முனையின் வடிவத்தில் கிடைத்தது. நேர்மின்முனையைப் படிகத்தின் தடிமனைவிடச் சிறிய கட்டங்களாகப் பிரித்தால், எலக்ட்ரான்கள் கட்டத்தை நெருங்கும் கடைசி நேரத்தில்தான் துடிப்பின் பெரும்பகுதி உருவாகும். துளை எங்கே கிடக்கிறது என்பது கணக்கிலேயே வராது. இங்கே மட்டும் சிறிதாக்குவது கதிர்வீச்சுக்கும் உதவுகிறது: படிகம் பெரிதாக இருக்கட்டும், மின்முனை சிறிதாகட்டும். 2012-இல் ஏவப்பட்ட நியூஸ்டார் விண்தொலைநோக்கி இந்தப் படிகத்தை இப்படிக் கட்டம் கட்டித்தான் பயன்படுத்துகிறது. 2021-இல் அமெரிக்க ஒப்புதல் பெற்ற முதல் ஒளித்துகள் எண்ணும் சி.டி. ஸ்கேன் கருவி, இதன் உறவான காட்மியம் டெலூரைடில் இயங்குகிறது.

வெட்டும்போது வரும் தூள் நச்சு. காட்மியம் உள்ள எதையும் ஈரமாகவே அறுக்க வேண்டும், தூளை மூச்சில் விடக் கூடாது.

ஜெர்மானியத்தைச் சிறிதாக்க முடியாதா?

படிகத்தைச் சிறிதாக்கலாம், குளிர்விப்பதைத் தவிர்க்க முடியாது. பட்டை இடைவெளி, அதாவது எலக்ட்ரானை விடுவிக்கத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல், 0.67 எலக்ட்ரான் வோல்ட் மட்டுமே என்பதால் அறை வெப்பநிலையில் தானாகவே மின்னோட்டம் கசியும். திரவ நைட்ரஜனோ இயந்திரக் குளிர்விப்பானோ வேண்டும். பிரிதிறனில் இன்றும் அதுதான் அளவுகோல்.

பெரோவ்ஸ்கைட்டுகள் இதையெல்லாம் மாற்றிவிடுமா?

பெரோவ்ஸ்கைட் என்ற படிக அமைப்பு கொண்ட சீசியம் ஈய புரோமைடின் மீது எனக்கு உண்மையான நம்பிக்கை உண்டு. 2013-இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகக் குழு இதைக் கண்டறிவிப் பொருளாக முன்வைத்தது. 2021-இல் 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் 1.4 விழுக்காடு பிரிதிறன் வெளியானது. எட்டே ஆண்டில் இவ்வளவு தூரம் வருவது சாதாரணம் இல்லை. படிகத்தில் குறைகள் இருந்தாலும் மின்னூட்டம் அவற்றில் சிக்காமல் ஓடிவிடுவது இந்தக் குடும்பத்தின் சிறப்பு.

தயக்கம் இரண்டு. மின்புலத்தில் அயனிகளே நகர்வதால் கதிர் படாதபோது ஓடும் அடிப்படை மின்னோட்டம் மெல்ல விலகும். படிகம் வளர்ந்து குளிரும்போது 130, 88 டிகிரிகளில் கட்டமைப்பு மாறுவதால் விரிசல் விழும். ஆய்வகத்தில் ஒரு நல்ல துண்டு கிடைப்பதும், வருடக்கணக்கில் நிலைத்து நிற்கும் ஆயிரம் துண்டுகள் தருவதும் வேறு வேறு சாதனை. இப்போது கருவி கட்டுகிறவர் இதை நம்பி அட்டவணை போட வேண்டாம்.

நியூட்ரானுக்கு?

மின்னூட்டம் இல்லாத துகள் என்பதால் முதலில் அதை விழுங்கும் அணு வேண்டும்: ஹீலியம்-3, போரான்-10, லித்தியம்-6. ஹீலியம்-3 வாயு 2008-ஐ ஒட்டித் தட்டுப்பாடானதும் திடப்பொருள்களுக்கு வேகம் வந்தது. சிலிக்கான் மேல் போரான் பூசினால் போதாது. பிளவுத் துகள்கள் சில மைக்ரான் தூரமே ஓடும் என்பதால் பூச்சைத் தடித்தாலும் பயன் கிடைக்காது, திறன் 4, 5 விழுக்காட்டில் நின்றுவிடும். சிலிக்கானில் ஆழமான பள்ளங்கள் குடைந்து லித்தியம்-6 ஃபுளோரைடை நிரப்பினால் அது பல மடங்கு உயரும். நியூட்ரானையும் காமாவையும் துடிப்பின் வடிவத்தைக் கொண்டே பிரித்துச் சொல்லும் சி.எல்.ஒய்.சி. (சீசியம் லித்தியம் யிட்ரியம் குளோரைடு) படிகமும் நல்ல தேர்வு.

அணு உலைக்குள் மீயொலி உணரி வைக்க முடியுமா?

வைக்கிறார்கள். சோடியம் குளிர்விக்கும் வேக உலைகளில் இது அவசியமே. திரவ சோடியம் ஒளி புகாதது, உள்ளே பார்க்க ஒலிதான் வழி. எரிபொருள் மாற்றும் நேரத்திலும் அது 200 டிகிரியை ஒட்டி இருக்கும். மென்வகைப் பி.இசட்.டி. அங்கே முனைவை இழந்துவிடும். லித்தியம் நையோபேட்டின் கூரி வெப்பநிலை 1100 டிகிரிக்கு மேல் என்பதால் வெப்பம் அதற்குப் பிரச்சினை இல்லை. ஆனால் இயற்கை லித்தியத்தில் ஏழு விழுக்காட்டுக்கு மேல் லித்தியம்-6. மேலே நியூட்ரானைப் பிடிக்கத் தேடிப்போன அதே அணு, இங்கே நியூட்ரானை விழுங்கி ஹீலியத்தையும் டிரிட்டியத்தையும் உண்டாக்கிப் படிகத்தை உள்ளிருந்தே சேதப்படுத்தும். நியூட்ரான் மிகுந்த இடங்களுக்கு லித்தியம்-7 செறிவூட்டிய படிகம் வேண்டும், அல்லது அலுமினியம் நைட்ரைடுக்குப் போக வேண்டும்.

புதிதாகத் தொடங்குகிறேன். எதை வாங்கி எதைச் சோதிக்கலாம்?

மீயொலிக்கு 2 அல்லது 5 மெகாஹெர்ட்ஸ் பி.இசட்.டி. வட்டு ஒன்று. முதலில் அதன் மின்மறிப்பு வளைவை வெறும் காற்றில் எடுத்து வையுங்கள். அப்புறம் பின்னால் ஓர் எப்பாக்ஸித் தாங்கல், முன்னால் ஓர் இடைப்படலம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து, தண்ணீர்த் தொட்டியில் உலோகத் தகட்டின் எதிரொலியைப் பாருங்கள். ஒவ்வொரு படியிலும் துடிப்பின் நீளம் எப்படி மாறுகிறது என்று குறித்து வையுங்கள்.

கதிர்வீச்சுக்கு ஒரு சென்டிமீட்டர் சீசியம் அயோடைடு கனசதுரம், மூன்று அல்லது ஆறு மில்லிமீட்டர் சிலிக்கான் ஒளிப்பெருக்கி. ஐந்து முகங்களை வெள்ளை டெஃப்லான் நாடாவால் சில சுற்று சுற்றி, ஆறாவது முகத்தில் ஒளியியல் பசை தடவி ஒட்டி, வெளிச்சம் துளியும் புகாமல் மூடுங்கள். அளவு திருத்த உரிமம் தேவைப்படும் கதிர்மூலம் உடனே வேண்டியதில்லை. ஒரு பை பொட்டாசியம் குளோரைடைப் பக்கத்தில் வைத்துப் பல மணி நேரம் எண்ணவிட்டால், பொட்டாசியம்-40-இன் 1461 கிலோ எலக்ட்ரான் வோல்ட் உச்சி மெல்ல எழும். நாடாவைப் பிரித்து ஒரு முகத்தை மட்டும் திறந்து வைத்து மீண்டும் எடுத்தால், அந்த உச்சி இடப்பக்கம் எவ்வளவு சரிகிறது என்பதைத் திரையில் நேராகவே பார்க்கலாம்.